சந்திரனில் ஒரு பலஸ்தீனக் கொடி

ஆர்தர் சி. கிளார்க்கை எமது திருகோணமலை மூத்தவர்கள் எழுத்தாளராக அல்ல, சுழியோடியாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். 1956இல் கோணேசர் மலையடிக் கடலில் இறங்கி பழைய கோயிலின் எச்சங்களைக் கண்டவர் அவர். அன்புவழிபுரத்துக்காரனான எனக்கு அது பக்கத்து வீட்டுக் கதை மாதிரி. அதே கிளார்க் ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' 1968இல் திரைக்கு வந்தது.

ஜெரூஸலத்தில் பிறந்த கலைஞர் லரிஸ்ஸா சன்சூர், அந்தப் படத்தை அடியொற்றி 2009இல் 'எ ஸ்பேஸ் எக்ஸோடஸ்' என்ற குறும்படத்தை எடுத்தார். ஆறு நிமிடம்கூட இல்லை. விண்வெளி உடையில் ஒரு பலஸ்தீனப் பெண் சந்திரனில் இறங்கிக் கொடி நாட்டுகிறார். குப்ரிக் படத்தின் இசை இங்கே அரபுச் சாயலில் ஒலிக்கிறது. கடைசியில் அவர் இருட்டில் மிதந்து போகிறார். ஜெரூஸலத்தைக் கூப்பிடுகிறார், பதில் வரவில்லை.

2012இல் அவர் எடுத்த 'நேஷன் எஸ்டேட்' இன்னும் கசப்பானது. முழுப் பலஸ்தீனமும் ஒரே அடுக்குமாடிக்குள். நகரத்துக்கு ஒரு மாடி. சோதனைச் சாவடி இல்லை, லிப்டில் ஏறினால் போதும்!

அழிவின் படங்களைத் தினமும் பார்த்துப் பார்த்து எமது கண்கள் மரத்துவிட்டன. இப்படியான கற்பனைதான் அதே வலியை மறுபடி பார்க்க வைக்கிறது என்பது என் எண்ணம்.

உண்மை சில நேரம் கற்பனையையும் முந்திவிடுகிறது. சிரியாவின் முஹம்மத் பாரிஸ் 1987இல் சோவியத் விண்கலத்தில் மிர் நிலையத்துக்குப் போய் வந்தவர். அலெப்போவில் பிறந்த அவர் 2012இல் துருக்கிக்கு அகதியாகத் தப்பினார், 2024இல் அங்கேயே காலமானார். துருக்கிக் கலைஞர் ஹலில் அல்தின்தெரே அவரை வைத்து 2016இல் 'ஸ்பேஸ் ரெஃப்யூஜி' என்ற படைப்பைச் செய்தார். பூமியில் இடம் கிடைக்காத அகதிகளை செவ்வாயில் குடியேற்றலாம் என்பது அதன் யோசனை. சிரிக்கத் தோன்றும், ஆனால் சிரிக்க முடியாது.

சன்சூரின் படத்தைப் பத்தாம் தரத்துக்குக் காட்டினேன். கொடி நாட்டும்போது கைதட்டினார்கள். முடிந்ததும் ஒரு மாணவி, "சேர், அவவுக்குத் திரும்பி வர ஏலாதா?" என்று கேட்டாள். அவளின் உம்மா 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்தே போனவர். படத்தில் அது சொல்லப்படவில்லை என்றேன். இன்னொரு தரம் போடச் சொன்னார்கள்.