பெட்டி கட்டும் கலை – 9: ஒரு கிராம்கூட இல்லாத பிளேடு

பழைய ஜெட் விமானங்கள் பலவற்றின் கழிப்பறையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய துளை இருக்கும். பயன்படுத்திய பிளேடைப் போடுவதற்கான இடம் அது. இரவெல்லாம் பறந்த பயணிகள் விடிந்ததும் வரிசையில் நின்று, முகத்தில் நுரை பூசி, மழித்துக்கொண்டு இறங்கிய காலத்தின் மிச்சம். துளை இன்னும் சில விமானங்களில் இருக்கிறது. அதில் போடுவதற்கு பிளேடுதான் உள்ளே வருவதில்லை.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு கத்திகளோடு சேர்த்து பிளேடும் கைப்பையிலிருந்து இறக்கப்பட்டது. அந்தத் தடை எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2013 மார்ச்சில் அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு மடக்குக் கத்திகளை விமானத்துக்குள் அனுமதிக்கப் போவதாக அறிவித்தது. அந்தத் தளர்விலும் பிளேடுக்கு இடமில்லை. விமானப் பணியாளர்களின் எதிர்ப்பால் ஜூன் மாதம் அறிவிப்பே திரும்பப் பெறப்பட்டது.

பிரஷ், சோப்பு, இருபக்க பிளேடு என்று பழைய முறைக்குத் திரும்பியிருப்பவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். பயணம் என்றதும் அவர்களில் பலர் பிளாஸ்டிக் ரேசர் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். அதன் அலகு பிளாஸ்டிக்குள் புதைந்திருப்பதால், எளிதில் பிரித்தெடுக்க முடியாது என்று பொதுவாக அனுமதி கிடைக்கும். ஆனால், பழைய கருவிகள் அனைத்தையும் வீட்டில் விட்டுப்போக வேண்டிய அவசியமே இல்லை. சிக்கல் பிளேடில் மட்டும்தான். அதன் எடை ஒரு கிராம்கூட இல்லை.

சொல்லப்போனால், இந்த இருபக்க பிளேடு ரேசர் பயணத்திலேயே வளர்ந்தது. கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற ரேசரை, முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு 35 லட்சம் எண்ணிக்கையில் வாங்கி வீரர்களுக்குக் கொடுத்தது. தோல்வாரில் தீட்ட வேண்டிய சவரக்கத்தியைப் போர்க்களத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தேய்ந்ததும் கழற்றி எறியக்கூடிய பிளேடு அங்கே பெரிய வசதி.

கழற்ற முடியும் என்ற அதே குணம் இன்றைய பயணிக்கும் கைகொடுக்கிறது. பிடியைத் திருகினால் மேல்மூடி, பல் வைத்த தகடு, பிடி என்று மூன்றும் தனித்தனியாகக் கையில் வந்துவிடும். இப்படிப் பிரித்து, ஒளி ஊடுருவும் சிறு பையில் போட்டு, கைப்பையின் மேலாக வைப்பது நல்லது. பூட்டிய நிலையில் எக்ஸ்ரே திரையில் அது கனமான ஒரு கருநிழல். பிரித்துப் போட்டால் உள்ளே பிளேடு இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். அமெரிக்காவில் பிளேடு இல்லாத ரேசரைக் கைப்பையில் கொண்டுபோக விதி அனுமதிக்கிறது. ஆனாலும், கடைசி முடிவு சோதனை அதிகாரியுடையதுதான் என்றும் அதே விதி சொல்கிறது. மற்ற நாடுகளில் புறப்படும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்பா விட்டுச்சென்ற பித்தளை ரேசர், உள்ளே மறந்துபோன ஒரு பிளேடுக்காக விமான நிலையக் குப்பைத்தொட்டியில் விழுவதைப் போன்ற வேதனை வேறில்லை. நாற்பது, ஐம்பது ஆண்டு உழைத்த பொருள் அது. முந்தைய இரவே திருகிப் பார்த்துவிட வேண்டும்.

பெரிய பெட்டியைச் சரக்கறையில் போடுகிறவர்களுக்குக் கவலை குறைவு. பிரிக்காத பிளேடு பாக்கெட்டை அட்டைப்பெட்டியோடு அதில் வைத்துவிடலாம். பெட்டியைத் திறந்து சோதிப்பவரின் விரல் வெட்டுப்படாமல் இருக்க, கூரான பொருள் எதுவானாலும் உறையிட்டிருக்க வேண்டும். சவரக்கத்தி வைத்திருப்பவர்களுக்கும் இது ஒன்றே வழி. அதில் அலகைக் கழற்ற முடியாது என்பதால், கைப்பைப் பேச்சுக்கே இடமில்லை. கைப்பை மட்டும் எடுத்துப் போகிறவர்கள் போய்ச் சேர்ந்த ஊரில் ஐந்து பிளேடு வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது நுரை. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி அம்பலமானதிலிருந்து வந்ததுதான் 100 மில்லி வரம்பு. சில விமான நிலையங்களில் இப்போது தளர்ந்துவந்தாலும், பெரும்பாலான இடங்களில் அதுவே நடைமுறை. ஷேவிங் கிரீமும் இந்தக் கணக்கில் சேரும். குழாயில் எவ்வளவு மிச்சம் என்பது கணக்கில்லை, மேலே அச்சிட்ட அளவுதான் கணக்கு. இத்தாலியின் ப்ரொராசோ கிரீம் 150 மில்லி குழாயில் வருகிறது. முக்கால்வாசி தீர்ந்திருந்தாலும் தடுக்கப்படும். கட்டியான சோப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. பயணத்துக்கென்றே செய்ததுபோல் இருப்பது துருக்கியின் ஆர்கோ போன்ற குச்சி சோப்பு. ஈரமான தாடியில் நேராகத் தேய்த்து, பிரஷால் முகத்திலேயே நுரை எழுப்பிவிடலாம். கிண்ணம் தேவையில்லை. படிகாரக் கட்டியும் அப்படித்தான், சிறு துண்டு போதும்.

ஆஃப்டர்ஷேவ் பாட்டில்தான் துணிகளை நாசமாக்குவது. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம், ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் இருக்கும் அளவுக்கு இறங்கும். அரைகுறையாக நிரம்பிய பாட்டிலின் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, திரவத்தை மூடி வழியே வெளியே தள்ளும். சிறிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடினால் விரிய இடமிருக்கும்.

பிரஷை எந்தச் சோதனையும் தடுக்காது. அதைக் கெடுப்பது ஈரம். காலையில் சவரம் முடித்த கையோடு, நனைந்த பிரஷை மூடிய குழாயில் அடைத்துப் பத்து மணி நேரம் பறந்தால், மயிரின் அடிவேரில் பூஞ்சை பிடித்து நாறும். நன்றாக உதறி, துண்டில் முன்னும் பின்னும் ஒற்றியெடுத்து, துளையிட்ட குழாயில்தான் வைக்க வேண்டும். செயற்கை இழைப் பிரஷ் சீக்கிரம் உலரும். பேட்ஜர் மயிர்ப் பிரஷைப் பெருமையாக வைத்திருப்பவர்கள்கூட அதை வீட்டில் விட்டு, பயணத்துக்கு இதை எடுப்பது நியாயம்தான்.

திரும்பும் நாளில்தான் பலரும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். விடுதியில் கடைசி சவரம் முடிந்ததும், பிளேடோடு ரேசரை அப்படியே கைப்பையில் போட்டுவிடுவார்கள். பிளேடை அங்கேயே கழற்றிவிட வேண்டும், ஆனால் எங்கே போடுவது? அமெரிக்காவின் பழைய வீடுகளில் குளியலறை அலமாரியின் பின்சுவரில் பிளேடு போடும் துளை உண்டு. சுவரை இடிக்கும்போது துருப்பிடித்த பிளேடுகள் குவியலாகக் கொட்டும். இன்றைய விடுதிகளில் அது இல்லை. கழற்றிய பிளேடைத் தடித்த காகிதத்தில் இரண்டு மடிப்பாகச் சுற்றி, மேலே ‘பிளேடு’ என்று எழுதி, குப்பைக்கூடையில் போட வேண்டும். காலையில் அந்தக் கூடையை எடுக்கப் போவது ஒரு துப்புரவுப் பணியாளரின் வெறுங்கை.

(தொடரும்)