சுடுதண்ணீர் வராத காலை

"ஹீட்டர் போயிடுச்சு" என்று சிங்கப்பூரின் மார்சிலிங் காப்பிக்கடையில் யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: தண்ணீர் சுடவே இல்லையா, சுடுவதும் ஆறுவதுமாக இருக்கிறதா, இல்லை, ஹீட்டரைப் போட்டதுமே வீட்டுக் கரண்ட் விழுந்துவிடுகிறதா? மூன்றும் மூன்று வேறு கோளாறுகள். தேநீர் வந்துவிட்டது, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இங்கிலாந்து வீடுகளில் கோம்பி பாய்லர் என்ற பெட்டி சுவரில் தொங்கும். அறைக்குக் கதகதப்பும் குழாய்க்கு வெந்நீரும் அதுவே தரும். அறையைச் சூடாக்கும் தேவை நமக்கில்லை. குளியலறைச் சுவரில் இருக்கும் சின்ன இன்ஸ்டண்ட் ஹீட்டரே போதும். ஆனாலும் வெந்நீர் தருவதில் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்தால்தான் பெட்டி சூடேற்றத் தொடங்கும். அதனால் தண்ணீர் சுடவில்லை என்றால், முதலில் தண்ணீரைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஹீட்டர் ஸ்விட்சில் விளக்கு எரிகிறதா? எரிந்தும் தண்ணீர் சுடவில்லையென்றால் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயில் தண்ணீரை ஓடவிடுங்கள். இப்போது சுட்டால் ஹீட்டரில் குறையில்லை. ஷவர் துளைகள்தான் அடைத்திருக்கின்றன. அதிலும் ஓட்டம் மெலிந்தே இருந்தால், தண்ணீர் ஹீட்டருக்குள் நுழையுமிடத்தில் உள்ள வடிகட்டியில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். பழைய புளோக்குகளின் மேல்மாடிகளுக்குத் தண்ணீர் கூரைத் தொட்டியிலிருந்து இறங்குவதால் அழுத்தமே குறைவு. அங்கே பம்ப் வைத்த ஹீட்டர்தான் சரிப்படும். சாதாரண ஹீட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை.

சுட்டுச் சுட்டு ஆறுவதற்கும் பெரும்பாலும் ஓட்டமே காரணம். கணக்குப் போட்டால் புரியும். 3.3 கிலோவாட் ஹீட்டர் வழியாக நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால், தண்ணீரின் சூடு ஏறத்தாழ 24 டிகிரி கூடும். 4 லிட்டர் ஓடினால் 12 டிகிரிதான். ஓட்டம் மிகவும் குறைந்தால் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகும். உள்ளே இருக்கும் வெப்பக் காவல் சூட்டை நிறுத்தும். ஆறியதும் மறுபடி விடும். ஆகவே சூடு போதவில்லை என்று ஷவரை முழுக்கத் திறப்பவர்களுக்குத் தண்ணீர் மேலும் ஆறும். கொஞ்சம் மூடித்தான் பார்க்க வேண்டும்.

கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு முறை சற்று வேறு. குழாயைத் திறந்ததும் டிக்டிக் என்று பொறி விழும் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால், பேட்டரி போட்ட மாடலில் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பொறி விழுந்து, நெருப்புப் பிடித்து, உடனே அணைந்தால், தீ எரிகிறதா என்று பார்க்கும் உணர்கம்பி தீயை அறியவில்லை என்று கொள்ளலாம். அதற்கு உரிமம் பெற்ற கேஸ் பணியாளர் வரட்டும். பாலத்தைத் தாண்டி ஜொகூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலிண்டர் கேஸுக்கான ஹீட்டரை வாங்கி வந்துவிடாதீர்கள். நம் குழாயில் வருவது, மார்சிலிங்கிலிருந்து அதிக தூரமில்லாத செனோக்கோவில் தயாராகும் டவுன் கேஸ். அதில் ஏறத்தாழ பாதி ஹைட்ரஜன். எரியும் வேகமே வேறு. சிலிண்டர் கேஸுக்கு அளவெடுத்த பர்னர் அதற்குப் பொருந்தாது.

இனி மூன்றாவது. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். ஹீட்டரைப் போட்டதும் டிபி பாக்ஸில், அதாவது வீட்டின் மின்விசைப் பெட்டியில், எந்த விசை விழுகிறது என்று பாருங்கள். ஹீட்டருக்கு மட்டுமான சின்ன விசை விழுந்தால், கரண்ட் அளவுக்கு மீறி ஓடியிருக்கிறது, அல்லது எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. வீடு முழுவதற்குமான ஆர்சிசிபி விழுந்தால் கரண்ட் கசிகிறது. ஆர்சிசிபி ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி: வெளியே போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஓயாமல் சரிபார்க்கும். நம் வீடுகளில் உள்ளது, வித்தியாசம் 30 மில்லியாம்பியரை எட்டுவதற்குள் இணைப்பை வெட்டிவிடும். ஹீட்டரின் கம்பிச்சுருள் உறை விரிசல் விட்டு உள்ளே ஈரம் இறங்கினால், காணாமல்போகும் கரண்ட் தண்ணீருக்குள் போகக்கூடும். அந்தத் தண்ணீரின் கீழேதான் நாம் நிற்கிறோம்.

ஹீட்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டு விசையை மேலே தள்ளுங்கள். அது விழாமல் நின்று, ஹீட்டரைப் போட்டதும் மறுபடி விழுந்தால் குற்றவாளி தெரிந்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்ப்பதும், ஸ்க்ரூடிரைவர் எடுத்து மூடியைத் திறப்பதும் வேண்டாம். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகள் சிலவற்றில் ஆர்சிசிபியே இல்லாமல் இருந்தது. மார்சிலிங்கில் 1970களில் எழுந்த புளோக்குகள் அந்தக் காலத்தவை. எல்லா வீடுகளிலும் அது இருந்தாக வேண்டும் என்ற விதி 2023 ஜூலை 1இல் வந்தது. பொருத்திக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசம் தந்தார்கள். அதுவும் முடிந்துவிட்டது. பொருத்திவிட்டால் போதாது, அது விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதன்மேல் உள்ள சோதனைப் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விசை டக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் சரிசெய்யும் வரை அந்த ஹீட்டரில் யாரும் குளிக்க வேண்டாம். அம்மாவோ அப்பாவோ பழைய புளோக்கில் தனியாக இருந்தால், அடுத்த முறை போகும்போது அந்தப் பட்டனை நீங்களே அழுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள்.