புதிய வெடைகளும் பழைய கோழிகளும்

“கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?” என்பது நம்மூர்ப் பழமொழி. பெற்ற தாயின் கால் குஞ்சைக் கொல்லாது என்பது அதன் பொருள். ஆனால் மிதிப்பது தாயாக இல்லாமல், முன்பின் அறியாத ஒரு மூத்த கோழியாக இருந்தால்? சந்தையில் வாங்கிய வெடைக்கோழிகளை அன்று மாலையே பழைய கோழிகளோடு கூட்டில் அடைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஒன்றை மண்டையில் இரத்தத்தோடும் மற்றொன்றை மூலையில் பிணமாகவும் காணும் வீடுகள் உண்டு. முட்டை விற்ற காசில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் வீட்டிற்கு இது சிறிய இழப்பு அன்று. கோழிகள் ஏன் இப்படிச் செய்கின்றன, இதனை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை இங்கே காண்போம்.

நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெருப் எப்பே என்பவர் சிறுவனாய் இருந்தபோதே கோழிகளைக் கூர்ந்து கவனித்து வந்தார். அவர் தமது ஆராய்ச்சியை 1922-ஆம் ஆண்டு வெளியிட்டார். ஒரு கூட்டத்திலுள்ள ஒவ்வொரு கோழிக்கும் தான் யாரைக் கொத்தலாம், யாருக்கு விலகி வழிவிட வேண்டும் என்பது தெரியும் என்று அவர் கண்டார். இதனைக் ‘கொத்தும் வரிசை’ என்பர். தீனியும் தண்ணீரும் இரவில் அடையும் இடமும் இவ்வரிசைப்படியே கிடைக்கின்றன. வரிசை அமைந்துவிட்டால் சண்டை குறைகிறது. கோழிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் கொண்டு அடையாளம் காண்கின்றன. அறியாத முகம் ஒன்று நுழைந்ததும் வரிசை கலைகிறது. ஆகவே, பழைய கோழி கொத்துவது கொடுமையினால் அன்று. தன் இடம் பறிபோகுமோ என்பதனாலேயே ஆகும்.

முதலில் கவனிக்க வேண்டியது நோய். புதிய கோழிகளைக் குறைந்தது 3 வாரமாவது தனியே, தூரமாக வைத்திருத்தல் நலம். வெள்ளைக் கழிச்சல் என்று நாம் கூறும் இராணிக்கேத் நோயும், கோழி அம்மையும் இவ்வாறுதான் வெளியிலிருந்து வீட்டிற்குள் வருகின்றன. ஆபத்து ஒரு பக்கம் மட்டும் இல்லை. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர், எதிர்ப்புச் சக்தி பெற்ற மூத்த கோழியின் எச்சத்திலும் இருக்கும். அது இளங்குஞ்சைக் கொன்றுவிடக் கூடும். தரை ஈரமின்றி உலர்ந்திருந்தால் இந்நோய் குறையும். தினமும் பழைய கோழிகளைக் கவனித்த பிறகே புதியவற்றிடம் செல்ல வேண்டும். தடுப்பூசிக்குக் கால்நடை மருத்துவரை அணுகுவது சிறந்தது.

அடுத்தது வயது. சிறு குஞ்சுகளைத் தாயின்றிப் பெரிய கோழிகளிடையே விடுதல் ஆகாது. ஏறத்தாழப் பெரிய கோழிகளின் உடற்கட்டை எட்டிய 3, 4 மாத வெடைகளே இதற்கு ஏற்றவை. ஒற்றைக் கோழியை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கொத்தெல்லாம் அதன் தலையிலேயே விழும். இரண்டு மூன்றாகச் சேர்த்தால் அடி பங்கிடப்படும். ஒன்றுக்கொன்று துணையாகவும் இருக்கும்.

மூன்றாவது, பார்த்துப் பழகுதல். கூட்டின் ஒரு பகுதியைக் கம்பிவலையால் தடுத்து, வெடைகளை அதற்குள் 1 அல்லது 2 வாரம் வைக்க வேண்டும். ஒன்றையொன்று பார்க்கலாம், கேட்கலாம், கொத்த முடியாது. வலையின் இருபுறமும் அருகருகே தீனி வைத்தால், அவை பக்கத்தில் நின்று தின்னப் பழகும். பகல் வேளையில் வெடைகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, பழைய கோழிகள் மேயும் முற்றத்தில் வைப்பதும் இதே பயனைத் தரும்.

சேர்க்கும் நாளில், எல்லாவற்றையும் திறந்த வெளியில் மேயவிட்டு ஒன்றுசேர்ப்பது நல்லது. ஓடுவதற்கு இடமிருந்தால் சண்டை நீளாது. தீனித் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். ஒளிந்துகொள்ளச் சாய்த்து வைத்த பலகையோ, விறகுக் குவியலோ உதவும். ஆனால் இருபுறமும் வழி இருக்க வேண்டும். அகத்திக் கீரையை ஒரு கட்டாகக் கட்டித் தொங்கவிட்டால் கோழிகளின் கவனம் அதன்மேல் செல்லும். கோழிகள் அடைந்தபின் இருட்டில் வெடைகளை மெதுவாகப் பரணில் ஏற்றிவிடுவது பழைய வழக்கம். இருளில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆதலால் அப்போது சண்டை வராது. ஆனால் விடிந்ததும் புதிய முகம் தெரிந்துவிடும். எனவே அதிகாலையிலேயே கூட்டைத் திறக்க வேண்டும்.

தீனியிலும் கவனம் வேண்டும். முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து சுமார் 4 சதவீதம் இருக்கும். வளரும் வெடைக்குச் சுமார் 1 சதவீதமே போதும். மிகுதியான சுண்ணாம்பு இளங்கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே எல்லாவற்றிற்கும் வளரும் கோழித் தீவனத்தையே வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைக்கலாம். முட்டையிடும் கோழிகள் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்ளும்.

சில நாட்கள் துரத்தலும் கொத்தலும் இருக்கவே செய்யும். அதற்கெல்லாம் குறுக்கே போனால் வரிசை அமையத் தாமதமாகும். ஆனால் இரத்தம் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. சிவப்பைக் கண்ட கோழிகள் அதே இடத்தையே கொத்தும். காயம்பட்டதை உடனே பிரித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, ஆறிய பின் சேர்க்க வேண்டும். எந்த வெடையாவது நாள் முழுதும் தின்னாமல் மூலையில் ஒடுங்கினால் அதுவும் ஆபத்தே. ஓயாமல் கொத்தும் கோழி ஒன்று இருந்தால், அதையே சில நாள் வெளியே அடைத்து வைப்பது நல்ல உபாயம். திரும்பி வரும்போது அது புதியவளாக வரும். அதன் மிடுக்குக் குறைந்திருக்கும்.

இவை எல்லாவற்றிலும் எளிய வழி ஒன்று உண்டு. அது அடைக்கோழி. தாய்க்கோழி குஞ்சுகளை முற்றத்திற்கு அழைத்து வந்து, நெருங்கும் கோழிகளைச் சிறகு சிலிர்த்து விரட்டுகிறது. அது குஞ்சுகளைப் பிரித்துவிடும் வேளையில், கூட்டம் அவற்றை அறிந்திருக்கும். நம் ஆண்டவரும் எருசலேமை நினைத்து வருந்தியபோது, குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழியையே உவமையாகக் கூறினார்.

தோழியரே! ஜூன் மாதத்தில் நம் வகுப்பறைகளுக்கும் விடுதிக்கும் புதியவர்கள் வருகிறார்கள். கோழிக்கு வரிசையை மாற்றும் அறிவு இல்லை. யாராவது வலை கட்டி, தட்டு வைத்து, விடியலில் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. நமக்கோ பெஞ்சில் சற்று நகர்ந்து உட்கார்ந்தாலே போதும்.