ஆளில்லாமல் அடிக்கும் வாசல் மணி

இரவு பதினொரு மணி. பிள்ளைகள் நித்திரை. படலையடியில் எவருமில்லை, ஆனால் வாசல் மணி அடிக்கிறது. இரவில் கதவு தட்டப்பட்ட சத்தத்தை இன்னும் மறக்க முடியாதிருக்கும் எம் பெண்களுக்கு இது சின்ன விடயமல்ல. “மூன்று இரவு லைற்றை நூக்காமல் குந்தியிருந்தன்” என்றார், பிள்ளைகளுடன் தனியே வசிக்கும் ஒரு அக்கா. நூல் கட்டுவிக்கவும் யோசித்தாராம். பிழையைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூடச் செல்லவில்லை.

வயர் இல்லாத மணியில் இரண்டு பகுதிகள் உண்டு. வாசலில் பூட்டும் பொத்தான் ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி. அதை அழுத்தினால் ஒரு குறியீட்டை அலையாக அனுப்பும். வீட்டினுள் இருக்கும் பெட்டி அந்தக் குறியீட்டைக் கேட்டதும் அடிக்கும். இவற்றில் பெரும்பாலானவை 433 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலேயே வேலை செய்கின்றன. மலிவான மணிகளுக்குள் இருக்கும் குறியீடுகளோ கொஞ்சம்தான். ஆகவே அயல்வீட்டாரும் அதே மாதிரி மணியை வாங்கியிருந்தால், அங்கே அழுத்த இங்கே அடிக்கும். வெளியான இடத்தில் இந்த அலை நூறு மீற்றர் வரையும் போகக்கூடியது. அக்கா வீட்டிலும் இதுதான் நடந்தது. இரண்டு வளவு தள்ளியிருக்கும் பொடியன் வேலை முடிந்து வந்து தன் வீட்டு மணியை அழுத்தியிருக்கிறான்.

உங்கள் வீட்டில் எது பிழை என்று அறிய, பொத்தானுக்குள் இருக்கும் பற்றரியைக் கழற்றிவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். அப்போதும் அடித்தால் அலை வேறெங்கோ இருந்து வருகிறது, அல்லது பெட்டியில் பழுது. அடிக்காவிட்டால் பொத்தானில்தான் கோளாறு. மாரி மழையில் தண்ணீர் இறங்கியிருக்கும், எறும்பு புகுந்திருக்கும், அல்லது அழுத்தும் இடம் ஊத்தை பிடித்து மேலே எழும்பாமல் இருக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, காயவிட்டு, புதுப் பற்றரி போடுங்கள். மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது பிளக்கில் செருகும் பெட்டி ஒருமுறை அடித்தால், அதைப் பழுதென்று எண்ண வேண்டாம்.

அலை வெளியிலிருந்து வந்தால் குறியீட்டை மாற்ற வேண்டும். பழைய வகைகளில் பொத்தானுக்குள்ளும் பெட்டிக்குள்ளும் சிறு சுவிச்சுகள் இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி மாற்றவேண்டும். புதியவற்றில் மாற்றும் முறை கூட வரும் தாளில் இருக்கும். அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள்.

திருத்தும்வரை இரவில் பிளக்கைக் கழற்றி விடலாம். வீட்டுக்கு வருபவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். அடிக்கடி வீணாக அடிக்கும் மணியை யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். உண்மையாகவே ஒருவர் உதவி கேட்டு வரும் நாளில் அது ஆபத்து. எப்படியும் யன்னலால் பார்த்து, குரல் கேட்டு அறிந்த பின்பே கதவைத் திறவுங்கள்.

இன்னுமொன்று. சில பொத்தான்களில் சில்லறைக் காசு போன்ற தட்டைப் பற்றரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.