ஜப்பானிய உலர்பண்ட நிறுவனங்களின் வேலைமுறையும் காளான் வியாபாரமும்

ஜப்பான் தேசத்தில் உலர்த்திச் சேமிக்கும் உணவுப் பண்டங்களைக் 'கன்புத்சு' என வழங்குவர். காளான், கடற்பாசி, முள்ளங்கிக் கீற்று, சுரைக்காய் நாடா, பயறு வகைகள் முதலியன இதில் அடங்கும். இவற்றைக் கொள்முதல் செய்து, தரம் பிரித்து, பொட்டலம் கட்டி, உள்நாட்டுக் கடைகளுக்கும் அயல்நாடுகளுக்கும் அனுப்பும் நிறுவனங்கள் அத்தேசத்தில் பல உள. பண்டத்தை உலர்த்துவதே இந்நிறுவனங்களின் தொழில் என்று கேட்போர் எண்ணக்கூடும். ஆனால் மிக உயர்ந்த விலை பெறும் சரக்காகிய ஷியிட்டாக்கே காளான், பெரும்பாலும் குடியானவர் இல்லத்திலேயே உலர்த்தப்பட்டு நிறுவனத்தின் வாயிலுக்கு வருகிறது. நிறுவனத்தார் செய்வது அதற்குப் பின்னுள்ள வேலை. அவ்வேலை யாது, அதனால் பண்டத்தின் மதிப்பு எங்ஙனம் உயர்கின்றது, எந்தக் குறையை அவர்களாலும் திருத்தவியலாது என்பன நிலமுடையோர் அறியத்தக்கவை.

உலர் ஷியிட்டாக்கேயின் பிரதான ஸ்தலம் கியூஷு தீவின் கண்ணுள்ள ஓயிட்டா ஜில்லாவாகும்; அதற்கு அடுத்தது மியாசாக்கி ஜில்லா. அங்கே இக்காளானை ஓக் இனத்தைச் சேர்ந்த குனுகி மரத்துண்டுகளில் வளர்க்கிறார்கள். இலை பழுக்கும் காலத்தில் மரத்தை வெட்டிச் சாய்த்து, சில வாரம் இலையோடு கிடக்கவிட்டு, பின்னர் ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக அறுப்பர். குளிர்கால இறுதியில் அத்துண்டுகளில் துளையிட்டுக் காளான் வித்து ஏறிய சிறு மர ஆப்புகளை அடித்து நிழலில் அடுக்கி வைப்பர். இரண்டு கோடை கழிந்த பின்னரே முதல் மகசூல் கிடைக்கும். அதன்பின் நான்கைந்து ஆண்டுகள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் காளான் முளைத்துக்கொண்டிருக்கும்.

முற்காலத்தில் வித்து இடும் வழக்கமே இல்லை. கட்டையில் கத்தியால் கொத்திவிட்டு, காற்றில் மிதந்து வரும் வித்து அதில் தானே வந்து படியும் என்று குடியானவர் காத்திருப்பர். படியாவிடில் கடன் வாங்கிப் பெற்ற மரமெல்லாம் வீண். ஓயிட்டாவின் மலைக்கிராமமொன்றில் குடியானவர் ஒருவர் கட்டைகளை நோக்கிக் காளானே வந்துவிடு என்று கைகூப்பி வேண்டியதை, மோரி கிசாக்கு என்னும் கல்லூரி மாணவர் கண்டு மனமிரங்கினார் என்று கூறுவர். அவரே பிற்பாடு, 1942-ஆம் ஆண்டில், மேற்சொன்ன ஆப்பு வித்தைக் கண்டறிந்தவர். அதன் பயனாகவே காளான் வேளாண்மை அதிருஷ்டத்தை நம்பிய தொழிலாயிராமல் கணக்கிட்டுச் செய்யும் தொழிலாயிற்று.

இனி உலர்த்தும் பக்குவம். பறித்த காளானில் நூற்றுக்குத் தொண்ணூறு பாகம் தண்ணீரே. பத்துக் கிலோ பச்சைக் காளான் உலர்ந்தால் ஒரு கிலோவுக்குச் சற்றே மிகும். மழையில் நனைந்ததில் தண்ணீர் இன்னும் அதிகம். அது காய்ந்தாலும் கறுத்தே போகும். ஆதலின் மழைக்கு முன்னரே பறிப்பதும், கட்டைகளின்மேல் மறைப்பு இடுவதும் தேர்ந்த குடியானவரின் வழக்கம். பறித்ததை அன்றைய தினமே தட்டுகளில் பரப்பி உலர்த்தும் யந்திரத்தில் ஏற்றிவிட வேண்டும். முதலில் சூடு 40 முதல் 45 டிகிரி செண்டிகிரேட்டுக்குள் இருத்தல் அவசியம். காற்றுவாயில்கள் முழுதும் திறந்திருக்கும். பிறகு மணிக்கு ஒன்றிரண்டு டிகிரியாக ஏற்றி, வாயில்களைச் சிறிது சிறிதாக மூடி, முடிவில் 60 டிகிரியளவில் ஒரு மணி நேரம் வைப்பர். ஏறக்குறைய ஓர் இரவும் ஒரு பகலும் ஆகும். துவக்கத்திலேயே சூட்டை மிகுத்தால் காளானின் அடிமடல்கள் வெந்து சாய்ந்துவிடும். சூடு குறைந்தாலோ நிறம் மங்கும். நன்கு பக்குவமான காளானின் அடிப்பக்கம் வெளிர்மஞ்சளாக, மடல்கள் நிமிர்ந்து நிற்கும். கையில் குலுக்கினால் கலகலவென ஒலிக்கும்.

இந்த இரவில் கண்விழித்தவன் எவன், உறங்கியவன் எவன் என்பதை நிறுவனத்தின் கொள்முதலாளர் பெட்டியைத் திறந்த கணத்திலேயே அறிந்துகொள்கிறார். கூட்டுறவுச் சங்கங்களின் கிடங்குகளில் குடியானவரின் சரக்கு கூறு கூறாக வைக்கப்படும். ஏலத்திற்கு வந்த வியாபாரிகள் ஒவ்வொரு பெட்டியிலும் கையை விட்டு அளைந்து, முகர்ந்து, அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, தாம் கொடுக்கும் விலையைச் சீட்டில் எழுதி இடுவர். உரக்கக் கூவும் ஏலமன்று. ஒருவர் எழுதியதை மற்றவர் அறியார். கருத்த காளானை வெளுக்கவோ, சாய்ந்த மடலை நிமிர்த்தவோ எந்த நிறுவனத்திலும் யந்திரம் கிடையாது. எனவே விலையின் பெரும்பகுதி மலையிலுள்ள உலர்த்தும் கொட்டகையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்றால் மிகையன்று.

வாங்கிய சரக்கு நிறுவனத்தை அடைந்ததும் முதற்சோதனை ஈரத்தைப் பற்றியது. காளானில் நூற்றுக்கு ஒன்பது பத்துப் பாகம் ஈரம் இருப்பது உத்தமம். 13 பாகத்திற்கு மேற்படின் பூசணமும் அந்துப்பூச்சியும் பற்றும். அன்றியும், நூறு கிலோவில் நான்கு கிலோ கூடுதல் ஈரம் இருக்குமாயின் நிறுவனம் அந்த நான்கு கிலோ தண்ணீரைக் காளான் விலைக்கு வாங்கியதாகும். ஜூன், ஜூலை மாதங்களில் அத்தேசத்தில் பெய்யும் விடாமழையின்போது உலர் காளான் காற்றிலுள்ள ஈரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஈரம் மிகுந்த சரக்கை மீண்டும் மிதமான சூட்டில் உலர்த்தி, காற்றுப் புகாதபடி கட்டி, குளிர்ந்த கிடங்கில் இடுவார்கள்.

அடுத்தது தரம் பிரித்தல். குளிரில் மெதுவாய் வளர்ந்து, குடை விரியாமல் தடித்திருப்பதற்கு 'தொங்கோ' என்று பெயர். வெப்பம் ஏறிய பின் விரைவில் வளர்ந்து குடை விரிந்தது 'கோஷின்'. குடையின் மேல் வெண்மையாய் வெடிப்புகள் பூத்த தொங்கோவுக்கு விலை மிக அதிகம். சல்லடை யந்திரம் பருமனால் மட்டுமே பிரிக்கும். தடிப்பு, நிறம், வெடிப்பு, உடைவு, புழு அரித்த அடையாளம் ஆகியவற்றை மனிதக் கண்ணே காண வேண்டும். விளக்கொளி நிறைந்த நீண்ட மேஜையின் இரு பக்கமும் வேலையாட்கள் நின்று, ஓடும் வாரின்மீது வரும் காளானை ஒவ்வொன்றாய்ப் புரட்டி நோக்குகிறார்கள். மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த இலை, தலைமயிர், நூல் ஆகிய எதுவாயினும் எடுத்துவிட வேண்டும். காளானின் நிறமும் பட்டையின் நிறமும் ஒன்றாயிருத்தலின் இது எளிதன்று. நெடுநேரம் நோக்கினால் கண் சோர்ந்து, இருப்பதும் தெரியாமற் போகும். ஆதலால் இடையிடையே ஆளை மாற்றி வேறு வேலைக்கு அனுப்புவது அங்கே ஒழுங்கு. நிறுவனத்திற்குள் நுழைவோர் கடிகாரம், மோதிரம் ஆகியவற்றைக் கழற்றி, தலைமயிர் முழுதும் மூடும் குல்லாய் அணிந்து, உடைமேல் ஒட்டுருளையை உருட்டித் தூசு நீக்கி, கைகழுவிய பின்னரே வேலைக்கு நிற்பர்.

பொட்டலம் கட்டிய பின் ஒவ்வொன்றும் உலோகம் கண்டறியும் யந்திரத்தின் வழியே செல்லும். இங்கே கவனித்தற்குரிய நுட்பம் ஒன்றுண்டு. யந்திரம் ஒலிக்கவில்லை என்பதனாலேயே உலோகம் இல்லை என்று கொள்ளார், யந்திரமே கெட்டிருக்கலாமன்றோ? ஆகவே இரும்புத்துகளும் எவர்சில்வர் துகளும் பதித்த சோதனைத் துண்டுகளை வேலை தொடங்கும்போதும், குறித்த இடைவேளைகளிலும், முடிவிலும் செலுத்திப் பார்ப்பர். ஒரு முறை அது ஒலிக்கத் தவறினால், அதற்கு முந்திய சரியான சோதனைக்குப் பின் சென்ற பொட்டலங்கள் அனைத்தையும் திருப்பிக் கொணர்ந்து மறுபடி சோதிப்பர். நேரத்தையும் முடிவையும் ஏட்டில் எழுதிக் கையொப்பமிடுவர். இவ்வாறு ஆபத்து நேரக்கூடிய கட்டங்களை முன்னரே குறித்து, அவற்றைக் காத்து, குறிப்பெழுதி வைக்கும் முறைக்கு 'ஹாசப்' என்று பெயர். ஜப்பானில் 2018-ஆம் ஆண்டு திருத்திய உணவுச் சுகாதாரச் சட்டப்படி, 2021 ஜூன் முதல் உணவுத் தொழில் செய்வோர்க்கெல்லாம் அது பொதுவிதியாயிற்று.

பொட்டலத்தின் மேலுள்ள எண்ணைக் கொண்டு சரக்கு எந்த நாளில் கட்டப்பட்டது, எந்தக் கொள்முதலிலிருந்து வந்தது என்று பின்னோக்கிச் செல்லலாம். பெட்டியில் இட்ட குடியானவரின் குறிப்பு இடையில் அழிந்துபோனால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். சங்கக் கிடங்குகளில் எழுத்து வேலை பார்ப்போர் சிறு கடமையையே செய்வதாகத் தோன்றலாம். ஏற்றுமதிச் சரக்கின் நம்பகம் முழுதும் அவர் எழுதும் வரியில் தொடங்குகிறது.

உள்நாட்டு வியாபாரமும் அயல்நாட்டு வியாபாரமும் ஒரே தன்மையன அல்ல. ஜப்பானில் ஆண்டின் நடுவிலும் இறுதியிலும் உற்றாருக்குப் பரிசு அனுப்பும் வழக்கமுண்டு. உயர்ந்த தொங்கோப் பெட்டி அதற்கு ஏற்ற பொருளாயிருந்தது. அவ்வழக்கம் குறைந்து வருகிறது. இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்துச் சமைக்கப் பொறுமையுள்ள இல்லங்களும் குறைந்தன. அதனால் நிறுவனங்கள் கீற்றாக அரிந்ததையும், பொடியையும், சிறு பொட்டலங்களையும் விற்கின்றன. ஹாங்காங் முதலிய இடங்களிலுள்ள சீனர் தடித்த முழுக்காளானையே விரும்புவர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புலால் உண்ணாதார் இறைச்சியின்றியே சாற்றுக்குச் சுவையூட்டும் பொருளாக இதை நாடுகின்றனர். அச்சுவைக்குக் காரணம் குவானிலிக் அமிலம் என்பதை 1957-இல் குனினாக்கா அகிரா என்பவர் விளக்கினார். கொம்பு என்னும் கடற்பாசியின் சுவையை 1908-இல் இக்கேதா கிக்குனாயே கண்டறிந்திருந்தார். இவ்விரண்டும் சேர்ந்தால் சுவை பன்மடங்காகும்.

ஒவ்வொரு தேசத்தின் சட்டமும் வெவ்வேறு. ஹிஜிக்கி என்னும் கடற்பாசியில் ஆர்சனிக் மிகுதி என்று 2004-இல் பிரிட்டனின் உணவுத் துறையினர் அதை உண்ணாதிருக்க அறிவுரை கூறினர். ஜப்பானில் அது இன்றும் அன்றாட உணவு. புகையிட்டு உலர்த்திய சூரைமீன் கட்டியில் புகைவழிச் சேரும் ஒரு பொருளின் அளவு ஐரோப்பிய வரம்பைக் கடந்தமையால், மக்குராசாக்கி நகர உற்பத்தியாளர் 2016-இல் பிரான்ஸ் தேசத்துக் கொங்கார்னோவிலேயே தொழிற்சாலை நிறுவி, அவ்வரம்புக்குட்பட்ட சரக்கைச் செய்யத் தொடங்கினர். சுரைக்காய் நாடாவின் கதையும் இத்தகையதே. தோச்சிகி ஜில்லாவிலேயே அத்தேசத்தின் நாடா ஏறக்குறைய முழுதும் விளைகிறது. 1712-இல் மிபு கோட்டைக்கு மாற்றப்பட்டு வந்த தோரி என்னும் பிரபு தம் முந்திய நாட்டிலிருந்து விதை தருவித்தாராம். நாடா வெண்மையாயிருக்கக் கந்தகப் புகையிடுவர். ஜப்பானியச் சட்டம் கிலோவுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகக் கந்தக டையாக்சைடு எஞ்சியிருக்க இடந்தருகிறது. புகையிடாத மஞ்சள் நிற நாடாவும் விற்பனையாகிறது. இன்ன சரக்கு இன்ன தேசத்திற்கு என்று முன்னரே தெரிந்து உலர்த்தாவிடின் பின்னர் மாற்ற வழியில்லை.

இவ்வளவு திருத்தமாக நடந்துவரும் தொழிலுக்கும் பேரிடர் வந்துற்றது. 1984-ஆம் ஆண்டில் ஜப்பானின் உலர் ஷியிட்டாக்கே உற்பத்தி 16,000 டன்னுக்கு மேற்பட்டிருந்தது. அதன்பின் சீன தேசத்துச் சரக்கு குறைந்த விலையில் பெருகி, ஹாங்காங் சந்தையைக் கைப்பற்றியதோடு ஜப்பானுக்குள்ளேயும் புகுந்தது. மரத்தூள் பாத்தியில் வளர்ப்பதால் அதற்கு ஈராண்டு காத்திருக்க வேண்டுவதில்லை. 2001-இல் ஜப்பானிய அரசாங்கம் பச்சை ஷியிட்டாக்கே இறக்குமதிக்குச் சில மாதங்கள் தற்காலத் தடுப்பு வரி விதித்தது. 2011-ஆம் ஆண்டு புக்குஷிமா அணு உலை விபத்துக்குப் பின், கிழக்கு ஜில்லாக்களில் கட்டையும் காளானும் கதிரியக்கச் சோதனைக்குட்பட்டன. பாதிக்கப்படாத கியூஷு சரக்குக்கும் விலை வீழ்ந்தது. இப்போது உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டன் அளவே. 2022-இல் பொட்டலத்தில் விளைந்த இடமாக, வித்து ஊன்றிய இடத்தையே குறிக்க வேண்டுமென்று விதி செய்தனர். அயல்நாட்டில் வித்திட்ட பாத்தியைக் கொணர்ந்து ஜப்பானில் பறித்ததை உள்நாட்டுச் சரக்கென்று விற்கும் வழி அதனால் அடைபட்டது.

நிறுவனங்களுக்குத் தோன்றிய கவலை எளிதில் விளங்கும். ஏலத்தில் ஓராண்டு விலை வீழ்ந்தால் அவ்வாண்டு லாபம் மிகும். ஆயின் குடியானவர் அந்த இலையுதிர் காலத்தில் மரம் வெட்டார். அதன் விளைவு ஈராண்டு கழித்துக் கிடங்கில் வெறுமையாகத் தெரியும். ஆகவே சில நிறுவனங்கள் ஏலத்திற்குப் புறம்பாக, குடியானவரிடமிருந்து நேரே, ஆண்டு முழுதும் அதிகம் ஏறி இறங்காத விலைக்கு வாங்குகின்றன. அயல்நாட்டில் உயர்ந்த விலை தேடுவதற்கும் இதுவே முதற்காரணம்.

குனுகி மரம் வெட்டிய அடியிலிருந்து மீண்டும் தளிர்த்து ஏறக்குறைய 15 ஆண்டில் திரும்ப வெட்டத் தகுதியாகும். குனிசாக்கித் தீபகற்பத்தில் இந்தத் தோப்புகளும் அவற்றின் நீரைப் பெறும் பாசன ஏரிகளும் சேர்ந்த முறையை 2013-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை ஸ்தாபனம் உலக வேளாண் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. குடியானவர் முதுமையுற்று, வெட்டும் ஆளின்றி விட்ட தோப்புகளில் மரம் பருத்துப்போகிறது. அளவிறந்து பருத்த கட்டையை முதியவர் ஒருவரால் புரட்டவோ தூக்கவோ இயலாது.