பட்ஜெட் என்றொரு தோல் பை

மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு சிறு மகாநாடு கூடிவிடுகிறது. பாலுக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு, பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு இவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, கடைசியில், "இந்த மாதமும் பட்ஜெட்டில் துண்டு விழுகிறதே!" என்று பெருமூச்சு விடுகிறோம்.

அந்தப் 'பட்ஜெட்' என்ற சொல்லுக்கு ஆதியில் கணக்கு என்ற பொருளே கிடையாது. தோல் பை என்றுதான் பொருள்! நம்ப முடிகிறதா?

பிரான்ஸ் தேசத்தின் பழங்குடிகளான கால் இனத்தாரிடமிருந்து, 'புல்கா' என்ற சொல்லை ரோமானியர் லத்தீன் பாஷைக்கு எடுத்துக்கொண்டார்கள். தோல் பைக்கு அதுதான் பெயர். பிரெஞ்சில் அது 'பூஜ்' ஆயிற்று. சின்னப் பை 'பூஜெத்'. இங்கிலாந்துக்குப் போனதும் 'பட்ஜெட்' ஆகிவிட்டது. அப்போதும் பை, பைதான்.

பைக்குள் கணக்கு புகுந்த கதை வேடிக்கையானது. 1733-ல் பிரிட்டிஷ் நிதி நிர்வாகம் வால்போல் கையில் இருந்தது. ஒயினுக்கும் புகையிலைக்கும் புது முறையில் வரி வசூலிக்க அவர் திட்டமிட்டார். உடனே, 'பட்ஜெட் திறந்தாயிற்று' என்று ஒரு கேலிப் பிரசுரம் கிளம்பியது. சந்தையில் பையைத் திறந்து சர்வரோக நிவாரணி விற்கும் போலி வைத்தியராக அது மந்திரியைச் சித்திரித்தது. எதிர்ப்புத் தாங்காமல் வால்போல் திட்டத்தைக் கைவிட்டார். ஆனால் கேலிப் பெயர் நிலைத்துவிட்டது!

பிறகு பிரெஞ்சுக்காரர்களே இந்தச் சொல்லைப் புதுப் பொருளோடு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சீமைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண், நடை உடை மாறிப் பிறந்தகம் வந்த மாதிரி!

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-ல் சமர்ப்பித்தவர் கோயமுத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார். நிதி மந்திரிகள் தோல் பெட்டியுடன் பார்லிமெண்டுக்கு வருவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. 2019-ல் நிர்மலா சீதாராமன் சிவப்புத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். 2021-ல் காகிதமும் போய், கையடக்கக் கணினி வந்தது. பை மறைந்தது, பெயர் மட்டும் நிற்கிறது.

நம் வீட்டிலும் அதே கதைதான். பாட்டியின் இடுப்பில் சுருக்குப் பை இருந்தது. பட்ஜெட் என்ற சொல்லை அவள் அறியாள். ஆனால் கையை விட்டால் பையின் அடி தட்டுப்பட்டுவிடும், அதற்குமேல் செலவில்லை. இன்று நம் பணம் கைப்பேசிக்குள் இருக்கிறது. விரலால் தட்டினால் போகிறது. அடி மட்டும் தட்டுப்படுவதில்லை!

அடுத்த மாத மகாநாட்டில், வாசகர்களே, பட்ஜெட் என்பது ஒரு பை என்பதைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். பை என்றால் அதற்கு ஓர் அடி உண்டல்லவா?