நெருப்புக்கும் போருக்கும் தப்பிய அரண்மனை

சீனாவின் தலைநகர் பெய்ஜிங்கின் நடுவில் மிகப் பெரிய அரண்மனை ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் சாதாரண மக்கள் அதற்குள் காலடி வைக்க முடியாது. அதனால் அதற்கு ‘தடை செய்யப்பட்ட நகரம்’ என்றே பெயர். இன்று டிக்கெட் வாங்கினால் நீங்களும் உள்ளே போகலாம். வாருங்கள், சுற்றிப் பார்ப்போம்!

மிங் வம்சப் பேரரசர் யோங்லே இதைக் கட்டினார். 1406-இல் தொடங்கிய வேலை 1420-இல் முடிந்தது. சுற்றிலும் உயர்ந்த மதில். அதற்கு வெளியே 52 மீட்டர் அகலத்தில் அகழி. மிங், சிங் என்ற இரண்டு வம்சங்களைச் சேர்ந்த 24 பேரரசர்கள் இங்கிருந்து ஆட்சி செய்தனர்.

எதிரிகள் உள்ளே வராமல் தடுக்க மதிலும் அகழியும் இருந்தன. நெருப்பை எப்படித் தடுப்பது? மண்டபங்கள் எல்லாம் மரத்தால் ஆனவை ஆயிற்றே! பயந்தபடியே நடந்தது. 1421-இல் மின்னல் தாக்கியதில் மூன்று பெரிய மண்டபங்கள் எரிந்து போயின. அவற்றை மீண்டும் கட்டினார்கள்.

முற்றங்களில் பெரிய பெரிய உலோக அண்டாக்களை இன்றும் பார்க்கலாம். தீயை அணைக்க அவற்றில் எப்போதும் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடுமே? அதற்காக அண்டாவின் அடியில் கரியைப் போட்டுச் சூடாக்கினார்கள். தீயை அணைக்கும் தண்ணீரைக் காப்பாற்றத் தீயே உதவியது!

கூரைகள் பெரும்பாலும் மஞ்சள் நிறம். அது பேரரசருக்கு உரிய நிறம். நூலகத்தின் கூரை மட்டும் கறுப்பு. சீனர் வழக்கப்படி கறுப்பு நீரைக் குறிக்கும். புத்தகங்களைத் தீ அண்டக்கூடாது என்ற கவலை!

கடைசிப் பேரரசர் பூ யி 1908-இல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. 1912-இல் மன்னராட்சி முடிந்தது. ஆனாலும் அவர் அரண்மனையிலேயே வளர்ந்தார். சைக்கிள் ஓட்ட இடைஞ்சலாக இருந்த உயரமான வாசற்படிகளை அறுத்து எடுக்கச் சொன்னாராம்! 1924-இல் அவர் வெளியேற்றப்பட்டார். 1925 அக்டோபர் 10 அன்று அரண்மனை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மக்கள் கூட்டம் அலைமோதியது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1931-இல் ஜப்பான் படைகள் சீனாவின் வடகிழக்குப் பகுதியைக் கைப்பற்றின. பெய்ஜிங்குக்கும் ஆபத்து வரலாம் என்று அருங்காட்சியக ஊழியர்கள் அஞ்சினர். ஓவியங்கள், பீங்கான் பாத்திரங்கள், நூல்கள் என எல்லாவற்றையும் பஞ்சும் வைக்கோலும் வைத்துக் கட்டினார்கள். 1933-இல் 13,000-க்கும் அதிகமான பெட்டிகள் ரயிலேறின. 1937-இல் பெரும்போர் மூண்டதும் அவை ரயில், கப்பல், லாரி என்று மூன்று வழிகளில் மேற்குச் சீனாவுக்குச் சென்றன. குண்டுவீச்சுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக அலைந்தும், பெரும்பாலான பொருட்கள் பத்திரமாகத் தப்பின!

பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. 1948, 1949 ஆண்டுகளில் ஒரு பகுதிப் பெட்டிகள் கடல் கடந்து தைவான் தீவுக்குச் சென்றன. அவற்றுக்காகத் தைபே நகரில் தனி அருங்காட்சியகம் 1965-இல் திறக்கப்பட்டது. ஒரே அரண்மனையின் பொக்கிஷம் இன்று பிரிந்து கிடக்கிறது.

அடுத்த முறை அருங்காட்சியகத்துக்குப் போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் பார்த்துவிட்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள். “இது எப்படி இங்கே வந்தது? யார் காப்பாற்றினார்கள்?” என்று கேளுங்கள். அதற்குள் ஒரு பெரிய கதையே இருக்கலாம்!